கழற்றாத மாலை

பஸ் தென்காசியை விட்டு வெளியே வருவதற்குள் தூங்கிவிட்டான். தலை என் தோளில் இருக்கிறது. இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் கனமே தெரியவில்லை. பதினாறு வயசுப் பிள்ளையின் தலை இவ்வளவு லேசாகவா இருக்கும். முன்பெல்லாம் இந்த வழியில் இவன் தூங்கினால் எனக்குத் தோள் மரத்துப்போகும், ஜங்ஷனில் இறங்கிக் கையை உதறிக்கொண்டே நடப்பேன், "தலையால இது, அம்மிக்கல்லு" என்பேன், அதற்கும் சிரிப்பான். கோமதிநாயகம் என்று மாமனார் பெயரை வைத்துவிட்டு ஒருநாளும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோமு, கோமுப்பயலே, ஏல கோமு. இப்போது சாமி. ஜன்னல் பக்கம் உட்காருங்க சாமி. தண்ணி வேணுமா சாமி. கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டதிலிருந்து இப்படித்தான், தை முடியப்போகிறது. கழுத்தில் அந்தத் துளசி மாலை, கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, சட்டைக்கு மேலே அவன் அப்பாவின் ஸ்வெட்டர். காலை ஒன்பது மணி வெயில் முகத்தில் அடிக்கிறது, பஸ்ஸில் எல்லாரும் எதையாவது எடுத்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள், இவன் ஏறியதும் சொன்ன ஒரே பேச்சு "கண்ணாடியச் சாத்தும்மா, குளுருது." சாத்தினேன். பின்சீட்டுக்காரர் முணுமுணுத்தார், மாலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். மாலையைப் பார்த்தால் எல்லாரும் அடங்கிவிடுகிறோம், நான் முதல் ஆளாக. திருநெல்வேலியில் பதினொன்றரைக்கு டாக்டர். வரும் வியாழக்கிழமை மாசி மாதப் பூஜைக்கு நடை திறக்கிறதாம், திரும்பவும் மலை ஏறப் போகிறானாம். நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு நாற்பத்து நாலு. இந்த நிலைமையில் இன்னொரு தடவை ஏறினால் இருதயம் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாதும்மா என்றாள் எங்கள் பள்ளிக்கூட முகாமுக்கு வந்த டாக்டர் பெண். இன்னும் ஆறு நாள். அதற்குள் இந்த மாலை இறங்க வேண்டும், அதுவும் பிடுங்கி அல்ல, இவன் வாயால் சொல்லி இறங்க வேண்டும்.

பாவூர்சத்திரம் வந்துவிட்டது. இது கொய்யாப்பழ ஊர். பாளையங்கோட்டையில் என் அக்கா வீடு, மாசம் ஒருதடவை இவனைக் கூட்டிக்கொண்டு போவேன், அப்போது இந்த வழியில் எங்களுக்கு ஊர்ப்பெயர்களே கிடையாது. பாவூர்சத்திரம் கொய்யா ஊர், நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவியது. ஆலங்குளம் கிழங்கு ஊர், தை மாசியில் பனங்கிழங்கு, மற்ற நாளில் அவித்த கடலை. சீதபற்பநல்லூர் வடை ஊர். டவுன் வந்தால் இலைத்துண்டில் சுடச்சுட அல்வா, விரலை நக்கி நக்கி அந்த விரலாலேயே என் கன்னத்தைத் தொடுவான், கன்னம் பிசுபிசுவென்று ஒட்டும். "அடுத்து என்ன ஊரும்மா?" "வடை ஊரு." "அதுக்கடுத்து?" "வயித்துவலி ஊரு, பேசாம வா." ஜன்னலுக்கு வெளியே காற்றாலை வரிசையாகச் சுற்றிக்கொண்டு வரும், எண்ணுவான், இருபதுக்கு மேல் தெரியாது, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். இப்போதும் அதே காற்றாலைகள்தான் சுற்றுகின்றன. பனங்கிழங்கை வாயால் நார் உரித்து, நடுவில் இருக்கும் குருத்தை மட்டும் தின்னாமல் எனக்கு எடுத்து வைப்பான், எச்சில் குருத்து, அதற்கு இணையாக நான் எதையும் தின்றதில்லை. பால்குடி மறந்த வயசிலிருந்தே அப்படித்தான். ஒரு வாய் ஊட்டினால் வாயை மூடிக்கொண்டு என்னைக் கைகாட்டுவான், "இப்ப ஒனக்கு." நான் ஒரு வாய் வாங்கினால்தான் அடுத்த வாய்க்குத் திறப்பான். கிண்ணம் காலியாகும்போது என் வயிறும் நிறைந்திருக்கும், அந்த வருஷத்தில் நான் எட்டு கிலோ கூடினேன், இவன் அப்பாவோ "பிள்ளையச் சாக்கு வச்சி நீ தின்னுத" என்று கேலி பேசினார். உளுந்தஞ்சோறு வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எள்ளுத் துவையல் அரைக்கும்போதே வந்து நிற்பான். அப்புறம் தோசை. அடுப்படியில் நான், முன்பக்கத்துப் பட்டாசாலையில் இவன், தட்டு காலியானதும் ஒரே ஒரு குரல் வரும், "இன்னொண்ணு." ஏழு தோசை, எட்டு தோசை. "மாவு தீந்துட்டுல, சட்டியத்தான் சுட்டுத் தரணும்." அந்த இன்னொண்ணைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது. யாராவது இப்போது பின்சீட்டிலிருந்து இன்னொண்ணு என்று சொன்னால் நான் அழுதுவிடுவேன் போலிருக்கிறது. கண் பட்டுவிடும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாய் சுற்றிப் போடுவேன், ஊர்க்கண் உறவுக்கண் எல்லாம் போகட்டும் என்று. என் கண்ணை யார் சுற்றிப் போட்டார்கள்.

கண் மட்டுமா, வாய். என் வாய் கொஞ்ச வாயா. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான், "என்னைய பூரின்னு கூப்பிடுதாங்கம்மா." நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெழங்கு உண்டா, வெறும் பூரியா?" என்றேன். இவன் சிரித்தான். எனக்கு அப்போது அது நல்ல பதிலாக இருந்தது, அடுத்த வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்தேன். இவன் சிரித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிற வீடு எங்கள் வீடு. போன ஐப்பசியில் வேலாயுதம் அண்ணாச்சி வீட்டு வாசலில் மலைக்குப் போகிறவர்கள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள், அண்ணாச்சிதான் எங்கள் தெருவுக்குக் குருசாமி, இருபத்தேழு வருஷம் மலை ஏறியவர். இவன் முன்னால் போய் நின்று, "அண்ணாச்சி, நானும் வாரேன்" என்றான். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். "வாரும். ஆனா ஒம்மத் தூக்க டோலிக்கு எட்டு ஆளுல்லா வேணும்." நடக்க முடியாதவர்களை மலைக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்களே, அந்த டோலி. வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, "ரெண்டு டோலியச் சேத்துக் கெட்டுங்க அண்ணாச்சி" என்றேன். இவனும் சிரித்தான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் இவன் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஞாபகம் எங்கே போயிருந்தது, இங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

மாலை போட்டதும் இவன் சாமி ஆகிவிட்டான். பெற்றவளே ஆனாலும் சாமியை அதட்டக் கூடாது, வா போ என்று சொல்லக் கூடாது. சாப்பிட வாங்க சாமி. ஒருபொழுது சாமி. மற்ற சாமிகள் மத்தியானம் ஒருபொழுது என்று சொல்லிவிட்டு ராத்திரி நாலு இட்லி பலகாரம் சாப்பிடுவார்கள், அதுதான் வழக்கம், இவன் பலகாரத்தை விட்டான். பிறகு எண்ணெயை விட்டான். பிறகு உப்பை. "விரதம்னா விரதமா இருக்கணும்மா." ஒருபொழுது சோறு உள்ளங்கை அளவாயிற்று, அதையும் பருக்கை பருக்கையாகப் பிரித்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு டம்ளர் தண்ணீர், முக்கால் மணி நேரம். எனக்கு எவ்வளவு பெருமை. அக்காவுக்குப் போன் போட்டு, "நம்ம கோமுவா இதுன்னு இருக்குக்கா" என்று சொன்னேன். மெலிந்தான், முகம் வடிந்தது, தெருவில் எல்லாரும் "சாமி அழகாயிட்டாரே" என்றார்கள், வருஷக்கணக்காக அவனிடம் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளியல், பிறகு கோயிலைச் சுற்றி நூற்றெட்டு, பிறகு இன்னொரு நூற்றெட்டு. நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சத்துணவில். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு என் பொறுப்பு. வரிசையில் வரும்போதே எது காலையில் பட்டினி, எது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன், அந்தப் பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போடுவேன். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் வயிறு தெரிந்த எனக்கு என் வீட்டுப் பிள்ளையின் வயிறு தெரியவில்லை. மண்டல பூஜை அன்னதானத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு இவன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. சாம்பாரை இவனே தாளித்தான். பந்தி பந்தியாகப் பரிமாறினான், ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, "இன்னும் கொஞ்சம் சாமி, பாயசம் ரெண்டாந்தடவை வாங்குங்க சாமி" என்று கெஞ்சினான், அவர்கள் சாப்பிடுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். முந்நூறு பேர் சாப்பிட்ட பந்தலில் இவன் ஒரு பருக்கை தொடவில்லை. "இந்த வயசுல இப்படி ஒரு சேவை மனசா" என்றார் அண்ணாச்சி. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஆனந்தக் கண்ணீராம்.

ஆலங்குளத்தில் பஸ் நின்றுவிட்டது, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கிழங்குக்காரி கூடையோடு ஏறினாள். அவித்த பனங்கிழங்கின் வாசம், மஞ்சளும் உப்பும் மண்ணும் கலந்த வாசம், பஸ் முழுக்கப் பரவியது. என் தோளில் இருந்த தலை அசைந்தது. கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் மூக்கு விரிந்தது, நான் பார்த்தேன், ஒரு மூச்சு நன்றாக இழுத்தான், பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சாமிக்கு ரெண்டு வாங்குதீங்களாம்மா, சாமிக்குன்னா சும்மாவே தாரேன்" என்றாள். "வேண்டாம் தாயி" என்றேன். என் வாயால் இந்த ஊரில் கிழங்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எதிர்ச்சீட்டில் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, வெகுநேரமாக இவனையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது கேட்டார், "சாமி எத்தனையாவது மலை?" "கன்னிசாமிங்க, மொத மலை. போயிட்டு வந்துட்டாரு, மாசிக்கும் போகணுமாம்." "அடேயப்பா. என்ன ஒரு தேஜஸு பாத்தீங்களா மூஞ்சில. பெத்த வயிறு குளுந்து போயிருக்குமே." ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது. எலும்பு மேலே வெயில் பட்டாலும் பளபளப்பாகத்தான் இருக்கும் தாத்தா என்று சொல்ல முடியுமா. அவர் எழுந்து, இவன் தூங்குகிறான் என்றும் பாராமல், குனிந்து இவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உள்ளங்கை கூசியது.

ஏனென்றால் நானும் அந்தக் காலைத் தொட்டவள். மார்கழி கடைசியில் இருமுடி கட்டிய அன்று, கோயில் மண்டபத்தில், தலையில் இருமுடியை ஏற்றியதும் இனிமேல் அது உன் பிள்ளை இல்லை, ஐயப்பனே நிற்கிறான், விழுந்து கும்பிடு என்றார்கள். விழுந்தேன். இரண்டு கையாலும் காலைப் பிடித்தேன். என் கட்டைவிரலும் நடுவிரலும் அவன் கணுக்காலைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. தொட்டது மட்டுமில்லை, மிச்சம் இருந்தது. இவனுக்குக் காலில் தண்டை போட்ட காலத்தில், சதை பிதுங்கி, வெள்ளித் தண்டை கழற்ற வராமல் தேங்காய் எண்ணெய் போட்டு அரைமணி நேரம் உருட்டிக் கழற்றிய கால் அது. அந்தக் கால் எங்கே போயிற்று. தரையில் முகம் வைத்தபடி கிடந்தேன், மேளம் அடித்தது, சரணம் சொன்னார்கள், அப்போதே தெரிந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே, குழந்தைக்கு இருக்குமே, அப்படி மெல்லிசாகப் பூனைமுடி புதிதாக முளைத்திருந்தது. காலோ பனிக்கட்டி. தெரிந்தது, அப்புறமும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பி வைத்தேன். நான் கூடப் போக முடியாத மலைக்கு. சபையில் என்ன சொல்வது, சாமியை நிறுத்துங்கள், என் பிள்ளைக்குக் கால் இளைத்திருக்கிறது என்றா. மகரஜோதி பார்த்துவிட்டு வந்தார்கள், தெருவில் எல்லாருக்கும் மாலையைக் கழற்றினார்கள், இவன் மட்டும் கழுத்தைக் கொடுக்கவில்லை. "மாசிக்கும் போறேன். அதுவரைக்கும் கெடக்கட்டும்." பொங்கலன்று மலையில் இருந்தானே என்று வந்ததும் இவனுக்காகத் திரும்பப் பொங்கினேன், இலையில் வைத்தது அப்படியே கிடந்தது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தான், விரத மயக்கம் என்று சோடா கொடுத்து அனுப்பினார்கள். இவன் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிறவர், எதற்கும் சுற்று எண்ணிப் பார்க்கிற மனுஷன், அவரே என்னிடம் "சாமி பாத்துக்கிடும் பகவதி" என்றார். நான் அண்ணாச்சியிடம் போனேன். அண்ணாச்சிக்கு முதல்தடவையாக முகம் மாறியது. "நானும் போற வழியில பாத்தேன் தாயி. கஞ்சிய வாங்கி வாங்கி அடுத்த சாமிக்குக் குடுக்கான். நான் அதைத் தியாகம்னு நெனச்சேன்." பிறகு சொன்னார், "அவனாக் கழத்துன்னு சொல்லணும். சொல்லிட்டாம்னா எடம் பொழுது பாக்காண்டாம். பெத்தவ கையால கழத்திப் பால்ல போடு, அது போதும்."

பால் பையில் இருக்கிறது. பனங்கற்கண்டு போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, எதற்கென்று தெரியாமலே காலையில் எடுத்து வைத்தேன், பிள்ளையோடு பஸ் ஏறினால் பிளாஸ்கோடு ஏறுகிற கை, அது பாட்டுக்குச் செய்கிறது. சீதபற்பநல்லூர் போய்விட்டது, வடைக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த டாக்டர் பெண், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மருத்துவ முகாமுக்கு வந்தவள், சின்ன வயசு, நெற்றியில் பொட்டுகூடக் கொஞ்சம் கோணல். பிள்ளைகளுக்கு எடை பார்த்து முடித்து அவள் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "டாக்டரம்மா, பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன்." என் வாயில் அப்படித்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கேட்டாள், குளிர்கிறது என்கிறானா. ஆமாம். முடி கொட்டுகிறதா. குளியலறைச் சல்லடையில் அள்ளுகிறேன், இல்லை, அள்ளுகிறார்களாம். தான் சாப்பிடாமல் மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுகிறானா, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறானா. ஓயாமல் நடக்கிறானா. கண்ணாடி முன்னால் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பார்க்கிறானா. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம். நான் பெருமைப்பட்டதையெல்லாம் அவள் நோயாக வாசித்துக்கொண்டே போனாள். "இதுக்குப் பேரு பக்தியும் இல்ல, அடமும் இல்லம்மா. வியாதி. பொம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் வரும்னு நினைக்கிறோம், ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் வருது, யாரும் கவனிக்கிறதில்ல. அவன் பசியில்லாம இல்ல. நாள் பூரா சாப்பாட்டைப் பத்தித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பான். ஆனா சாப்பிடப் பயம்." சோற்றைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அது விளங்கவில்லை. "கெஞ்சாதீங்க, மிரட்டாதீங்க, யாரு தப்புன்னு தேடாதீங்க. கூட இருங்க" என்றாள். பிறகு துண்டில் கையைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "பக்கத்து வீட்டுப் பையனை நாளைக்குக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றாள். மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன், அவள்தான் நாடி பார்த்தாள், அவள்தான் திருநெல்வேலி டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தாள். இவன் ஒரு நிபந்தனையோடு வந்திருக்கிறான். மாலையைத் தொடக் கூடாது. சரி என்றுதான் கிளம்பினேன், டாக்டர் என்ன சொன்னால்தான் என்ன, வீட்டுக்கு வந்ததும் மறுபடி சாமி, சாப்பிட வாங்க சாமி, வேண்டாம் அம்மா, சரி சாமி.

பேட்டை வரும்போது விழித்துக்கொண்டான். தோளிலிருந்து தலையை எடுத்தான், எடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் கனம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தான். "கெழங்கு ஊரு போயிட்டாம்மா?" என்றான். ஐந்து வயசுக் குரல் அது, எங்கிருந்தோ வந்தது. "போயிட்டு. நீ முழிச்சிட்டுத்தான இருந்த." நான் நீ என்று சொல்லிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது, இத்தனை நாள் கட்டிக்காத்த 'நீங்க' ஒரு பனங்கிழங்கில் போய்விட்டது, போகட்டும். "கழத்திரலாமால?" என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் கேட்டேன், யோசித்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இரண்டு கையாலும் மாலையைப் பொத்திக்கொண்டான். "இது கெடந்தா யாரும் சாப்பிடுன்னு சொல்ல மாட்டாங்க. கழத்தினா நீ சொல்லுவ." "சொல்லுவேன்." பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் பஸ்ஸைத் தாண்டிப் போனார்கள். "பயமா இருக்கும்மா" என்றான். "ஒரு இட்லிய முழுசாத் தின்னா, அதுக்கப்புறம் நிப்பாட்ட முடியாம தின்னுக்கிட்டே இருப்பனோன்னு பயமா இருக்கு. பழைய மாதிரி ஆயிருவேன். எல்லாரும் திரும்பச் சிரிப்பாங்க." சோற்றைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், மூன்று மாசமாக, இல்லை, எத்தனை வருஷமாகவோ. "அன்னைக்கு நானும் சிரிச்சேன்ல" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஒஞ்சத்தந்தாம்மா பெருசாக் கேட்டது."

யார் தப்பு என்று தேடாதீர்கள் என்று டாக்டர் சொன்னாள். நான் தேடவில்லையே, அது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தானாகச் சொல்கிறது. "தப்புல. அம்மா பண்ணினது பெரிய தப்பு" என்றேன், எதிர்ச்சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும். டவுன் வந்தது, அல்வா வாசம் வந்தது, போயிற்று. பொத்திய கைகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. "கழத்தினா பால்லல்லா போடணும். பஸ்ல பாலுக்கு எங்க போவ" என்றான். அது மறுப்பா, சம்மதமா, அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தேன். அதைப் பார்த்தான். பழைய பிளாஸ்க், மூடியில் இவன் பல் பட்ட அடையாளம்கூட இருக்கிறது. "கற்கண்டு போட்டதா?" "ஆமா." ரொம்ப நேரம் பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தவன், "கழத்து" என்று சொல்லித் தலையைக் குனிந்தான். இரண்டு கையாலும் தூக்கினேன். காதில் மாட்டிக்கொண்டது, இவன் காது இவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியாது, முன்பு கன்னம் மறைத்திருந்தது. மெல்ல எடுத்து, மூடியில் கொஞ்சம் பால் ஊற்றி, மாலையை அதில் சுருட்டி வைத்தேன். சாமியே, எடம் பொழுது பார்க்கவில்லை, மன்னித்துக்கொள். இவன் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மீதிப் பால நீ குடி. காலையில நீ ஒண்ணும் சாப்பிடலல்லா" என்றான். எனக்கே தெரியாமல் போன பசி இவனுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர் சொன்னதுதான், அடுத்தவருக்கு ஊட்டுகிற கை. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தேன், பிளாஸ்கை அவன் மடியில் வைத்தேன், கெஞ்சவில்லை. பஸ் ஜங்ஷனில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். பெரியவர் போகும்போது இவன் கழுத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். கண்டக்டர் வந்து, "சாமி எறங்க" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "மெதுவா எறங்குங்க தம்பி" என்றார். வண்டி காலியாகிவிட்டது. கோமு பிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், உள்ளே எட்டிப் பார்த்தான், உள்ளே என்ன கிடக்கிறதோ என்று பார்க்கிற மாதிரி பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். தொண்டை எலும்பு மேலே ஏறி இறங்கியதைப் பார்த்தேன். முகம் சுருங்கிப் போயிருந்தது, கண்ணோரத்தில் தண்ணீர். கண்ணைத் திறந்து, வாயைப் புறங்கையால் துடைத்து, பிளாஸ்கை என்னிடம் நீட்டினான்.

"இப்ப ஒனக்கு" என்றான்.

வாங்கிக் குடித்தேன்.